மாதக்கணக்கில் சிறுநீர்க் குழாயோடு இருக்கும் முதியவர்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

புரஸ்டேட் வீக்கம், பக்கவாதம், முள்ளந்தண்டுக் காயம் என்று ஏதோ ஒரு காரணத்தால் மாதக்கணக்காக, சிலர் ஆண்டுக்கணக்காக, சிறுநீர்க் குழாயோடு வாழும் முதியவர்கள் மலையகத் தோட்டங்களில் பலர் உண்டு. குழாயைப் போடுவது வைத்தியசாலை. அதைப் பார்த்துக்கொள்வதோ காலையில் கொழுந்துக்குப் போய் மாலையில் திரும்பும் மகளோ மருமகளோதான். அவர்கள் தாதியரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றில் ஒரு தலைகீழ் வழக்கமும் இருக்கிறது. பையில் சிறுநீர் கலங்கிவிட்டால், “தாத்தாவுக்குக் கிருமி வந்திருச்சு மிஸ்ஸி, மருந்து எழுதிக் குடுங்க” என்று அன்றைக்கே ஓடி வருகிறார்கள். பையில் சிறுநீரே வராவிட்டால், விடியட்டும், முதல் பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்று காத்திருக்கிறார்கள். நடக்க வேண்டியது நேர்மாறானது. கலங்கல் பெரும்பாலும் காத்திருக்கும், அடைப்புக் காத்திருக்காது.

கீழே உள்ளவற்றைப் படிக்கும் முன் ஒரு வேலை: கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் குழாய் போட்ட திகதி, அதன் அளவு, குழாய் நழுவாமல் பிடிக்க உள்ளே நீரால் ஊதப்பட்ட பலூனின் நீரளவு, குழாய் லேட்டெக்ஸா முழுச் சிலிக்கனா என்பவற்றை எழுதி வையுங்கள். அளவு தெரியாவிட்டால் தொடைப் பக்கம் தொங்கும் பலூன் வாயின் (பலூனுக்கு நீர் ஏற்றும் முனையின்) நிறத்தைப் பாருங்கள்: பச்சை என்றால் 14, செம்மஞ்சள் என்றால் 16, சிவப்பு என்றால் 18. அதே அளவில் ஒரு புதிய குழாயும் ஒரு பையும் வீட்டில் இருந்தால், இரவில் சிறிய வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தாலும் “இங்கே அந்த அளவு இல்லை” என்ற பதிலோடு அடுத்த ஊருக்கு அலைய வேண்டியிருக்காது.

## பையில் சிறுநீர் வரவில்லை

இரண்டு மணி நேரமாகப் பையில் ஒன்றும் கூடவில்லை என்றால் சோதிக்கத் தொடங்குங்கள். நடுத்தர உடல்வாகுள்ள முதியவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றர் அளவாவது இறங்க வேண்டும்.

முதலில் போர்வையை முழுதாக விலக்கி, உடலிலிருந்து பை வரை குழாயை விரலால் தடவிக்கொண்டே போங்கள். சாரத்தின் இடுப்புக் கட்டுக்குள் குழாய் நசுங்கியிருக்கலாம். தொடைக்கு அடியில் மாட்டியிருக்கலாம். தொடையில் கட்டிய பட்டி இறுகியிருக்கலாம். இணைப்புக் குழாயில் கவ்வி இருந்தால் அது திறந்திருக்கிறதா, பை நிறைந்துபோய் மேலும் கொள்ளாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது பையின் உயரம். சிறுநீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பதால், பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். லயத்து அறையில் பாயில் படுப்பவருக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது: அவர் தரையில், பையும் தரையில், இரண்டும் ஒரே மட்டம். கட்டில் இல்லாவிட்டால் பலகையும் மெத்தையும் போட்டு அவரது படுக்கையை உயர்த்துங்கள். பை தரையைத் தொடாமல் தொங்குவதற்கு இடம் கிடைக்க வேண்டும். குளிருக்காகப் பையையும் போர்வைக்குள் இழுத்து வைப்பது இன்னொரு பழக்கம். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அதன் காரணம் புரிகிறது, ஆனாலும் கூடாது.

இவை சரியாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கச் செய்து, பிறகு எழுப்பி உட்கார வைத்துப் பாருங்கள். குழாயின் நுனித் துளை சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டியிருந்தால் இந்த அசைவிலேயே விலகி, சிறுநீர் ஓடத் தொடங்கும். எத்தனை நாளாக மலம் போகவில்லை என்றும் கேளுங்கள். மலக்குடல் நிறைந்து குழாயை நெரிப்பது நாம் நினைப்பதைவிட அதிகம்.

இதன் பிறகும் ஓடவில்லை என்றால் தொப்புளுக்கும் மர்ம உறுப்புக்கும் இடைப்பட்ட அடிவயிற்றை மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

### அடிவயிறு மென்மையாக இருக்கிறது, வலியும் இல்லை

சிறுநீர் போதிய அளவு உற்பத்தியாகவில்லை என்று கொள்ளலாம். குளிரில் தாகம் தெரியாது. தவிர, அடிக்கடி பை நிறைந்தால் வீட்டாருக்குச் சிரமம் என்று தாமாகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்களும் உண்டு. ஒரு குவளை வெந்நீரோ சாயத் தேநீரோ கொடுத்து இரண்டு மணி நேரம் பாருங்கள். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் கொடுக்கக் கூடாது. வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் இவற்றோடு சிறுநீர் நின்றிருந்தாலோ, மொத்தம் நான்கு மணி நேரம் தாண்டியும் வராவிட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

### அடிவயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது, அல்லது முதியவர் துடிக்கிறார்

குழாய் அடைபட்டுவிட்டது. இதற்கு வீட்டில் மருந்தில்லை. வாய் பேச முடியாதவரும் மறதி நோயுள்ளவரும் வலியைச் சொல்ல மாட்டார்கள். அமைதியின்மை, முனகல், வியர்வை, குழாயைப் பிடித்து இழுப்பது ஆகியவைதான் அவர்களுடைய பேச்சு. உடல் பருமனால் அடிவயிற்றை உணர முடியாவிட்டால் அடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பெற்ற தாதியோ தோட்ட வைத்திய உதவியாளரோ பக்கத்தில் இருந்தால், 50 மில்லிலீற்றர் சிரிஞ்சினால் கிருமி நீக்கிய சலைனை மெதுவாகச் செலுத்திப் பார்ப்பார். போன நீர் திரும்பி வராவிட்டால் இன்னொரு முறை செலுத்துவதில் பயனில்லை. குழாயை மாற்ற வேண்டும். வீட்டார் கொதித்தாறிய தண்ணீரைச் சாதாரண ஊசிச் சிரிஞ்சில் ஏற்றி இதைச் செய்து பார்ப்பது ஆபத்து. பல மணி நேரம் அடைபட்டிருந்த சிறுநீர்ப்பையிலிருந்து ஒரு லீற்றருக்கு மேல் வெளியேறினால், அதற்குப் பிறகு சிறுநீர் அளவின்றிப் போய் உடல் வறண்டுவிடலாம். ஆகவே “டியூப் மாத்தியாச்சு, போகலாம்” என்று அவசரப்படாமல் வாட்டில் தங்கிக் கவனிக்கச் சொன்னால் தங்குங்கள்.

புறப்படும் நேரத்தை வலி தீர்மானிக்க விடாதீர்கள். மேல் டிவிசனில் இருந்து பாதை வரை ஆளைத் தூக்கி இறக்கவே ஒரு மணி நேரம் ஆகும் இடங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மண்சரிவு பாதையை மறிப்பதும் புதிதல்ல. மாலை நான்கு மணிக்குச் சிறுநீர் குறைந்திருந்தால் அப்போதே முடிவெடுங்கள். 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்சைக் கட்டணமின்றி அழைக்கலாம். வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கும்போது, முன்பே பையை வெறுமையாக்கிவிட்டு, மடியில் வைக்காமல் கதிரைக் காலோடு தாழக் கட்டுங்கள். மடியில் இருக்கும் நிறைந்த பை, பழைய சிறுநீரை மீண்டும் உள்ளே அனுப்பும்.

முள்ளந்தண்டின் மேற்பகுதியில் காயம் பட்டவர்களுக்கு இந்த அடைப்பு இன்னும் கொடியது. திடீர்த் தலையிடி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை, இரத்த அழுத்தம் எகிறுதல் என்று தொடங்கினால் உடனே உட்கார வைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, குழாயின் மடிப்பைத் தேடிக்கொண்டே அம்பியூலன்சை அழையுங்கள். இங்கே நான்கு மணி நேரக் கணக்கு கிடையாது.

## குழாயைச் சுற்றி ஒழுகுகிறது

முதலில் பைக்குள்ளும் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை, சுற்றிலும் மட்டுமே கசிகிறது என்றால் அது அடைப்பு. மேலே உள்ள பகுதிக்குத் திரும்புங்கள். குழாயும் பையும் இணையும் இடத்தில் சொட்டுகிறது என்றால் பையை மாற்றினால் போதும். பையை ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை எப்படியும் மாற்ற வேண்டும்.

பைக்குள்ளும் போகிறது, சுற்றிலும் கசிகிறது என்றால் பெரும்பாலும் சிறுநீர்ப்பை இசிவெடுக்கிறது. இதன் முதற் காரணி மலச்சிக்கல். ரொட்டியும் தேநீரும் மட்டுமே உணவாகி, இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துவிட்டால் குடல் நகராது. கீரை, பப்பாசி, தேவைப்பட்டால் வைத்தியர் தரும் லக்டியுலோஸ் பாணி ஆகியவற்றால் வயிறு இளகினால் பலருக்கு ஒழுகல் தானாக நிற்கும். அடுத்த காரணி குழாய் இழுபடுவது: தொடையில் பட்டியோ பிளாஸ்டரோ போட்டு நிலைப்படுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நோய்த்தொற்று, சிறுநீர்ப்பைக் கல், பொருந்தாத குழாய் என்று தேட வேண்டும். அது கிளினிக்கின் வேலை.

ஒழுகுகிறது என்பதற்காக இன்னும் பெரிய குழாயைப் போடச் சொல்லிக் கேட்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய குழாயும் பெரிய பலூனும் இசிவைக் கூட்டவே செய்யும். இசிவைத் தணிக்கும் ஒக்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் முதியவர்களுக்கு மனத்தடுமாற்றத்தையும் மலச்சிக்கலையும் தரலாம். பக்கத்து லயத்துக்காரருக்கு எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பாவிக்க வேண்டாம்.

## சிறுநீர் கலங்கல், நாற்றம், நிற மாற்றம்

ஒரு மாதத்திற்கு மேல் குழாய் இருக்கும் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். அவர்கள் நலமாக இருக்கும்போது சோதித்தாலும் அறிக்கையில் கிருமி என்றே வரும். எனவே கலங்கலோ நாற்றமோ மட்டும் நோய்த்தொற்றுக்குச் சான்றாகாது. முதியவர் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் பேசி, காய்ச்சலின்றி இருந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள், பையை மாற்றுங்கள், இரண்டு நாள் பாருங்கள். பாமசியில் துண்டில்லாமல் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுப்பது அந்தக் கிருமியை ஒழிப்பதில்லை, மருந்துக்கு மசியாத கிருமியாக்குகிறது. பிறகு உண்மையான காய்ச்சல் வரும் நாளில் எளிய மருந்து எதுவும் வேலை செய்யாது.

பை ஊதா நிறமாவதைக் கண்டு வீடே கலங்கிப்போகும். படுத்த படுக்கையான, மலச்சிக்கலுள்ள முதியவர்களுக்கு, பெண்களுக்குச் சற்று அதிகமாக, இது ஏற்படும். குடலிலிருந்து வரும் ஒரு பொருளைச் சிறுநீரிலுள்ள கிருமிகள் சாயமாக மாற்றுகின்றன. அந்தச் சாயம் பையின் பிளாஸ்டிக்கில் ஏறுகிறது. பையை மாற்றி மலச்சிக்கலைச் சரிசெய்து, அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகும். பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவக்கும்.

சிறுநீரில் மணல்போல் துகள்கள் படிந்தால் மட்டும் சற்றுக் கவனம் தேவை. இறுதிப் பகுதியைப் பாருங்கள்.

## காய்ச்சல், நடுக்கம், திடீர்த் தடுமாற்றம்

இங்கே காத்திருக்க வேண்டாம். உடல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது, பல் கிட்டும் நடுக்கம், விலாப்புறத்தில் வலி, மூச்சு வேகமாதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலை. மிக வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம். நேற்று வரை பேரப்பிள்ளையின் பெயரைச் சொன்னவர் இன்று ஆளை மாற்றி அழைக்கிறார், சாப்பாட்டைத் தொடவில்லை, எழுப்பினாலும் தூங்குகிறார், உடல் சில்லிட்டிருக்கிறது என்பவையும் அதே அளவு அவசரம். நீரிழிவுக்காரர் என்றால் சீனி அளவையும் பாருங்கள்.

போகும் வழியில் பனடோல் கொடுக்கலாம். டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் வேண்டாம். வைத்தியசாலையில் குழாய் போட்டு எத்தனை நாள் என்று சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலானால், பழைய குழாயை எடுத்துப் புதியதைப் போட்டு, அதிலிருந்து வரும் முதற் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் கிருமிக்கொல்லி தொடங்குவதே முறை. பையிலிருந்து பிடித்த சிறுநீரின் அறிக்கை பையைப் பற்றித்தான் சொல்லும். காய்ச்சல் என்றாலே குழாய்தான் என்று முடிவு கட்டவும் கூடாது: சளியும் இருமலும் இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சலா என்பவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

## சிறுநீரில் இரத்தம்

குழாய் மாற்றி ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக இருப்பது வழக்கம். தண்ணீர் கூட்டினால் தெளியும். குழாய் எங்காவது மாட்டி இழுபட்டாலும் இதே நிறம் வரும். ஆனால் சிறுநீர் கட்டிப்பட்ட இரத்தத்தோடு வந்தாலோ, தக்காளிச் சாறு போல் தடித்தாலோ தாமதம் கூடாது, ஏனென்றால் அந்தக் கட்டியே அடுத்த சில மணி நேரத்தில் குழாயை அடைக்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோப்பிடோகிரல், அஸ்பிரின் எடுப்பவர்கள் அந்த மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும்; நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடிபடாமல், வலியில்லாமல் திரும்பத் திரும்ப இரத்தம் வந்தால், “டியூப் இருந்தா அப்படித்தான்” என்று யாராவது சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுகள் குழாய் வைத்திருப்பவர்களின் சிறுநீர்ப்பையில் கல்லும், சிலருக்குப் புற்றுநோயும் ஏற்படுவதுண்டு. கருவி விட்டுப் பார்ப்பதற்குச் சிறுநீரக அறுவைச் சிகிச்சை வைத்தியரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

## குழாய் வெளியே வந்துவிட்டது

பலூன் உடைந்து தானாக நழுவியிருக்கலாம். மறதி நோயாளர் ஊதிய பலூனோடு பிடுங்கியும் இருக்கலாம். இரண்டாவது நடந்திருந்தால் இரத்தம் வரும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வந்த குழாயைக் கழுவி மீண்டும் செருக முயலாதீர்கள். அதன் நுனியும் பலூனும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பதால், எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இரத்தம் நிற்காவிட்டால் உடனேயும், நின்றுவிட்டால் அடுத்த சில மணி நேரத்துக்குள்ளும் வைத்தியசாலையில் இருக்க வேண்டும். இடையில் தானாகச் சிறுநீர் போனால் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

அடிவயிற்றில் துளையிட்டுப் போட்ட குழாய் என்றால் கணக்கே வேறு. அந்தத் துளை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சுருங்கத் தொடங்கலாம். கிருமி நீக்கிய துணியால் மூடி, வேறெதற்கும் நிற்காமல் புறப்படுங்கள்.

## மாற்ற வேண்டிய நாளில் குழாய் கழலவில்லை

இது தாதிக்கும் வைத்திய உதவியாளருக்கும் உரியது. வெறும் சிரிஞ்சைக் குழாயின் பலூன் வாயில் பொருத்தி, உறிஞ்சாமல் சில நிமிடம் விட்டால் பலூனிலுள்ள நீர் தானாக வரும். பலமாக உறிஞ்சினால் உள்வழி ஒட்டிக்கொள்ளும். வராவிட்டால் 1 அல்லது 2 மில்லிலீற்றர் நீரைச் செலுத்தி மீண்டும் பாருங்கள். அதற்கு மேல் வைத்தியரிடம் அனுப்புங்கள். பலூன் வாயைக் கத்தரித்துவிடுவதும், பலூனை ஊதி வெடிக்க வைப்பதும் வேண்டாம். வெடித்த துண்டு உள்ளே தங்கினால் அதைச் சுற்றிக் கல் வளரும்.

## உறுப்பில் வலி, வீக்கம், புண்

ஆண்களில் முதலில் பார்க்க வேண்டியது முன்தோல். கழுவுவதற்காகப் பின்னே தள்ளிய தோலை முன்னே இழுத்துவிட மறந்தால், அது இறுகி நுனி வீங்கிவிடும். சற்று முன் நடந்ததென்றால் மெதுவாக முன்னிழுத்துப் பாருங்கள். வராவிட்டாலோ நுனி கறுத்தாலோ அன்றிரவே வைத்தியசாலை. மருமகள் மாமனாரைக் கழுவிவிடும் வீடுகளில் கூச்சத்தால் இந்த இடம் பார்க்கப்படாமலே போகிறது. மகனோ பேரனோ அந்த வேலையைப் பொறுப்பேற்பது நல்லது.

குழாய் எப்போதும் ஒரே பக்கம் இழுபட்டால் உறுப்பின் நுனி மெல்ல மெல்லக் கிழியும். பட்டியை இடத்தொடை, வலத்தொடை என்று மாற்றிக் கட்டுங்கள். பிளவு கண்டால் அடிவயிற்றுவழிக் குழாய் பொருந்துமா என்று கிளினிக்கில் கேளுங்கள். விதைப்பை வீங்கிச் சிவந்து வலித்தால் அது பெரும்பாலும் தொற்று. நீரிழிவுக்காரருக்கு அங்கே தோல் கறுத்து நாறினால் மணிக்கணக்கும் பார்க்கக் கூடாது.

## மாற்றியும் மாற்றியும் அடைபடுகிறது

லேட்டெக்ஸ் குழாய் நான்கு வாரம் வரையும், முழுச் சிலிக்கன் பன்னிரண்டு வாரம் வரையும் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. சிலருக்கு மூன்றாவது வாரமே அடைபடும். எடுத்த குழாயின் நுனியை விரலால் உருட்டிப் பாருங்கள்: மணல்போல் நொறுங்கினால், புரோட்டியஸ் போன்ற கிருமிகள் சிறுநீரைக் காரமாக்கி உப்பைப் படியச் செய்கின்றன. அந்த முதியவரின் கடைசி மூன்று குழாய்கள் எத்தனை நாளில் அடைபட்டன என்று கொப்பியில் பார்த்து, அவற்றில் மிகக் குறைந்த நாளுக்குச் சில நாள் முன்பே மாற்றத் திகதி கேளுங்கள். முழுச் சிலிக்கன் குழாய்க்கு உள்வழி அகலம் என்பதால் அடைப்புத் தள்ளிப்போகும். வைத்தியசாலையில் இல்லாதபோது வெளியில் வாங்குவதற்குச் செலவானாலும், இரவில் வான் பிடித்து இறங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சிறுநீர்ப்பைக் கல்லுக்காக ஸ்கான் தேவை. நுவரெலியா, பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தோடு போகும் நாளில், குழாய் இன்னும் தேவைதானா என்றும் கேளுங்கள். பக்கவாதம் வந்த வாரத்தில் போட்ட குழாய், அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் யாரும் கேட்காததால் தொடர்ந்துகொண்டிருக்கலாம். புரஸ்டேட் வீக்கத்துக்குத் தம்சுலோசின் கொடுத்துச் சில நாள் கழித்துக் குழாயை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கும், அறுவைச் சிகிச்சைக்கான வரிசையில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் கொப்பியில் திகதி போட்டு வாங்குங்கள். சோதனை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். சிறுநீர் போகாவிட்டால் மீண்டும் குழாய் போட வேண்டியிருக்கும், அது கடைசி பஸ்ஸுக்கு முன் தெரிய வேண்டும்.